ஐந்து கட்டைக்குக் கீழே

ஆபரா மேடையில் மெஸோ-சொப்ரானோவுக்கு, அதாவது உச்சப் பெண்குரலான சொப்ரானோவுக்கு ஒரு படி கீழே நிற்கும் குரலுக்கு, நாயகி வேடம் அரிது. தாய், தோழி, சூனியக்காரி, போட்டிக்காரி. அதுவும் இல்லையென்றால் ஆண்வேடம். வெர்டியின் ‘இல் த்ரொவதோரெ’யில் (1853) பழிதீர்க்கக் காத்திருக்கும் அசுசேனா, ‘ஐதா’வில் (1871) காதலில் தோற்கும் இளவரசி அம்னேரிஸ், மோட்ஸார்ட்டின் ‘ஃபிகரோ’வில் (1786) விடலைப் பையன் செருபீனோ எல்லாம் இன்று இந்தக் குரல் பாடும் வேடங்கள். பிஸேயின் ‘கார்மென்’ (1875) பெரிய விதிவிலக்கு. அவளும் கடைசியில் கத்திக்குத்துப்பட்டுச் சாகிறாள். சொப்ரானோக்களும் சாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்களுக்காக அரங்கம் அழுகிறது. குரல்வகை ஜாதகம்போல முன்கூட்டியே எழுதப்பட்டுவிட, பாடகியின் தொழில் வாழ்க்கை அதன் கட்டங்களுக்குள் நகர்கிறது. கிறிஸ்டா லுட்விக் போன்ற சில மெஸோக்கள்தான் துணிந்து சொப்ரானோ வேடங்களுக்குள் கால்வைத்துத் திரும்பி வந்தார்கள்.

மும்பையில் இந்தக் கலைக்கு வீடு இல்லாமலில்லை. சர்னி ரோடு அருகே ராயல் ஆபரா ஹவுஸ் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரால் திறந்துவைக்கப்பட்டு, பின் சினிமாக் கொட்டகையாகி, 1993-இல் மூடப்பட்டு, 2016-இல் மீண்டும் திறந்தது. திறப்பன்று பாடிய பட்ரீஷியா ரொசாரியோ பம்பாயில் பிறந்து லண்டனில் உருவான சொப்ரானோ. இன்றும் இங்கே ஒரு பெண்ணுக்கு ஆபராவே வாழ்க்கையாக வேண்டுமென்றால் விமானம் ஏறியாக வேண்டும். ஆனால் இதே நகரத்தில், ரயில் பாதை மாறி மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வந்தால், தாழ்ந்த குரல்கொண்ட பெண்கள் மேடையின் நடுவிலேயே அமர்ந்து பாட வழிவிட்ட ஒரு மரபு இருக்கிறது: கர்நாடக இசை. மும்பையில் வளர்ந்த பம்பாய் சகோதரிகள், அருணா சாயிராம், பம்பாய் ஜெயஸ்ரீ ஆகியோருக்கு முறையே 2010, 2018, 2023-ஆம் ஆண்டுகளில் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

எப்படி இது நடந்தது? நம் கச்சேரியில் குரலுக்கு வகைப்பெயர் கிடையாது. பாடுபவர் தமக்கு ஏற்ற இடத்தில் ஆதார ஸ்வரமான சட்ஜத்தை வைத்துக்கொள்கிறார். கீர்த்தனை அங்கே வந்து சேர்கிறது. அம்னேரிஸின் பாட்டை ஒரு மெஸோ தன் வசதிக்கு இறக்கிக்கொள்ள முடியாது; கூடவே ஆர்கெஸ்ட்ரா முழுவதும் இறங்க வேண்டும். இங்கே தம்புராவைத் திருப்பிச் சேர்த்தால் போதும். கணக்குப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டாலே ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மெஸோ அதற்கும் மேலே நான்கு வெள்ளைக்கட்டை ஏறுவாள். கீழே வந்தால் கதை தலைகீழ்: மெஸோவின் அடிமட்டம் நம் ஆதார சட்ஜத்தை ஒட்டியே நின்றுவிடும், நம் பாடகி மந்திர பஞ்சமம் வரை இறங்குவாள். ஆபரா அளவுகோலில் நம் பெண்கள் எல்லோருமே தாழ்குரல்காரர்கள். நான்கரை, நான்கு கட்டைக்கு இறங்கியவர்களோ இன்னும் ஆழத்தில் இருக்கிறார்கள்.

இதன் பலன் கேட்டவர்களுக்குத் தெரியும். ‘மின்னலே’ (2001) படத்தின் ‘வசீகரா’வில் பம்பாய் ஜெயஸ்ரீயின் குரல் காதோரம் பேசுவதுபோல் வந்தபோது, கீச்சுக்குரலுக்குப் பழகிய தமிழ் சினிமாக் காது சற்றுத் திரும்பிப் பார்த்தது. ‘லைஃப் ஆஃப் பை’ தாலாட்டுக்காக 2013-இல் ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனதும் இதே குரல்தான். மும்பையில் டி. ஆர். பாலாமணியிடமும் பின்னர் சென்னையில் லால்குடி ஜெயராமனிடமும் பயின்றவர் அவர். விளம்ப காலத்தில், மந்திர ஸ்தாயியில், ஒரு ராகத்தை அவசரமில்லாமல் திறந்துகாட்ட இத்தகைய குரலுக்குத்தான் பொறுமை இருக்கிறது.

குறை எங்கே? மைக்கில். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள். மெஸோ மைக் இல்லாமல், ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடுகிறாள். கிங்ஸ் சர்க்கிளில் 1963-இல் திறந்து, 1990 தீவிபத்துக்குப் பின் புதுப்பிக்கப்பட்ட ஷண்முகானந்தா அரங்கில் சுமார் 2,700 இருக்கைகள். அங்கே மைக் அணைந்தால் கச்சேரியும் அணைந்தது. மைக் வராத நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா உச்ச சுருதியில் பாடியது வீம்புக்காக இல்லை, கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டுமே. மைக் வந்ததும் சுருதி இறங்கியது. நுணுக்கம் கூடியது, உண்மைதான். ஆனால் குரலைத் தூக்கி எறியும் உடற்பயிற்சி பாடத்திட்டத்திலிருந்து சத்தமில்லாமல் கழன்றுபோனது.

அருணா சாயிராமின் பாதை இதற்கு நல்ல சான்று. தாயார் ராஜலட்சுமி சேதுராமனிடம் தொடங்கி, பம்பாய்க்கு வந்து கற்றுக்கொடுத்த டி. பிருந்தாவிடம் பதங்களைப் பாடம் செய்தவர். பிருந்தா வீணை தனம்மாளின் பேத்தி; அந்த வீட்டு இசை சின்னக் கூடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கானது. அந்தப் பாடாந்தரத்தை வைத்துக்கொண்டு பெரிய அரங்குகளை நிரப்ப வேண்டியிருந்தவர், குரல் பயிற்சிக்காக யூஜின் ராபின் என்ற மேற்கத்தியக் குரலாசிரியரிடமும் போனார். 2011-இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் வரை சென்ற அந்தக் குரலின் அகலத்தில், அபங்கத்தில் அது திறந்துகொள்ளும் விதத்தில், அந்தப் பயிற்சிக்கும் பங்குண்டு என்றே எனக்குப் படுகிறது. சிலர் இதை மரபுக்கு வெளியே போனதாகப் பார்க்கலாம். நான் மரபின் ஓட்டையை அவரே அடைத்துக்கொண்டதாகப் பார்க்கிறேன். கேள்வி வேறு: அவ்வளவு ஞானமுள்ள குருக்களிடம் பயின்ற ஒருவர், மூச்சையும் தொண்டையையும் பற்றித் தெரிந்துகொள்ள ஏன் வெளியே போக வேண்டியிருந்தது?

செம்பூர் அடுக்ககங்களில் நடக்கும் பாட்டு வகுப்பில் இதற்கு விடை இருக்கிறது. சுருதிப்பெட்டி ஒன்று, சுருதி ஒன்று, பிள்ளைகள் எட்டுப் பேர். டீச்சருக்கு எது வசதியோ அதுவே எல்லாருக்கும். எட்டு வயதுக் குழந்தையும் குரல் உடையும் வயதுப் பெண்ணும் ஒரே இடத்தில் ‘ஸ’ சொல்கிறார்கள். மேலே எட்டவில்லை என்றால் “கள்ளக்குரல் வேண்டாம்” என்ற அதட்டல் கிடைக்கும். எட்டுவது எப்படி என்ற வழி கிடைக்காது. ‘உன் சட்ஜத்தை நீயே தேர்ந்துகொள்’ என்ற பெரிய சுதந்திரம் மேடைக்குப் போனபின்தான் கைக்கு வருகிறது. அதற்குள் தொண்டை ஒரு பழக்கத்தில் படிந்துவிடுகிறது. பிறகு பிடித்த பாடகிபோல் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே, ஐந்தரையில் தாராளமாக நிற்கக்கூடிய பெண் நான்கரைக்கு இறங்குகிறாள். வயலின் தந்தி தளர்ந்து மங்குகிறது. மிருதங்கத்துக்கோ ஹெச்சு சுருதியும் இல்லாமல் தக்கு சுருதியும் இல்லாமல் இரண்டுங்கெட்டான் நிலை. கற்பனாஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது குரல் மெலிய, மைக்காரர் கை தானாக நகர்கிறது.

மெஸோவுக்கு இருபது வயதிலேயே ஆசிரியர் சொல்லிவிடுவார்: இந்த வேடம் இப்போது வேண்டாம், பத்து ஆண்டு கழித்துப் பாடு. அந்த முறை கறாரானது, எத்தனையோ பேரைத் தவறான பெட்டிக்குள் அடைத்திருக்கிறது. ஆனாலும் தொண்டைக்கும் ஒரு வயது உண்டு என்று அதற்குத் தெரியும். நம் முறை கடைசிவரை கைவிடாது. எழுபதைத் தாண்டியும் பாடகி மேடையில் இருக்கலாம், சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு. எனக்கு இந்தக் கருணை பிடிக்கும். கருணையின் பெயரில் பதினைந்து வயதிலேயே இறக்கிவிடுவதுதான் பிடிக்கவில்லை.

இன்னொன்று. ஷண்முகானந்தாவுக்கும் தாராவிக்கும் இடையே தூரம் அதிகமில்லை, நடந்தே போய்விடலாம். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் மைக் இல்லாமல் தெருவையே நிறைக்கும் பெண் குரல்கள் நம் கிராமங்களிலிருந்து ரயிலேறி அந்தச் சந்துகளுக்கும் வந்தவைதான். குரலைத் தூக்கி எறிவதில் கச்சேரி மேடை இழந்த பலம் அந்தத் தொண்டைகளில் இருக்கிறது. மாட்டுங்கா வகுப்புகளின் கதவை அந்தப் பெண்களில் எத்தனை பேர் தட்டியிருப்பார்கள், தட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது திறந்திருக்கும் என்று சபாக்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.