சிறிய வட்டில் முழு நோடு

பிட்காயின் வலைப்பின்னலில் வேறு யார் சொல்லையும் நம்பாமல், விதிகளைத் தானே சரிபார்க்கும் கணினிக்கு முழு நோடு என்று பெயர். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக் தொடங்கி வளர்ந்துவரும் அந்த வலைப்பின்னலின் பேரேடு 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள வீட்டுக் கணினியில் அது அடங்காது. 2015இல் வந்த பிட்காயின் கோர் மென்பொருளின் 0.11 பதிப்பிலுள்ள புரூனிங் வசதி இதற்கு அழகான தீர்வு.

அமைப்புக் கோப்பில் புரூன் அளவை 550 எம்பி என்று ஒரே வரியில் குறித்தால் போதும். அதுவே அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய அளவு. நோடு எல்லா பிளாக்குகளையும் முதலிலிருந்து வரிசையாக இறக்கிச் சரிபார்க்கும். சரிபார்த்த பழைய பிளாக் கோப்புகளை அழித்துக்கொண்டே போகும். கடைசி 288 பிளாக்குகள், அதாவது ஏறத்தாழ இரண்டு நாள் வரவு, எப்போதும் வட்டில் இருக்கும். நாட்குறிப்பைக் கழித்துவிட்டு நிலுவைப் பேரேட்டை மட்டும் காக்கும் கடைக்காரரைப்போல, இன்னும் செலவாகாத காசுகளின் பட்டியலை நோடு முழுமையாக வைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலுக்குத் தனியே 10 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும்.

இடம் மிச்சமானாலும் இணையச் செலவு மிச்சமாகாது. முழுப் பேரேடும் ஒருமுறை இறங்கியே தீரும். டேட்டாபேஸ் கேஷுக்குக் கூடுதல் ராம் ஒதுக்கினால் முதல் ஒத்திசைவு விரைவாகும். பழைய பிளாக்குகளை அழித்துவிட்டதால், இந்த நோடால் புதிய நோடுகளுக்கு அவற்றைத் தர இயலாது. பழைய வாலட்டை மீட்கப் பேரேட்டை மறுபடி இறக்க நேரலாம். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு பிளாக்கையும் சோதிக்கும் கண்டிப்பில் இந்தச் சிறிய நோடு பெரிய நோடுக்குச் சற்றும் குறைந்ததல்ல.