மறுமையில் யாருக்கு யார் என்ன முறை?

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்திலும் கல்பள்ளியிலும் பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். கல்லைக் கழுவி, செவ்வந்தி பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, பேரப்பிள்ளையின் கையால் தாத்தாவுக்கு ஒரு முழம் பூ வைக்கிறார்கள். கத்தோலிக்கர் சாமியாரை அழைத்துக் கல்லறையை மந்திரிக்கச் சொல்வார்கள். பக்கத்துக் கல்லறையில் சீர்திருத்த மரபைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. குடும்பம் ஒரு பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டுப் போகும். இறந்தவருக்காக வேண்டுவதா, இறந்தவரை நினைத்து நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்வதா என்று இவ்விரு மரபுகளுக்கும் ஐந்நூறு ஆண்டு வழக்கு உண்டு. அன்றைக்கு அங்கே நிற்பவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது.

இடம் சுருங்கிப்போன இந்நகரத்தில் பழைய குடும்பக் கல்லறையைத் திறந்து, கணவர் கிடக்கும் குழியிலேயே மனைவியையும் அடக்குகிறார்கள். ஒரே கல்லில் இரண்டு பெயர். ஆனால் அந்த இருவரும் பீடத்தின் முன் கொடுத்த வாக்குறுதிக்குச் சாவு வரைக்கும்தான் ஆயுள். அதற்கப்பால் அவர்கள் ஒருவருக்கொருவர் யார்? மறுமையில் சந்திப்போமா என்பதில் சபைகளுக்குள் பெரிய சண்டை இல்லை, கிட்டத்தட்ட எல்லோருமே ஆம் என்கிறார்கள். என்ன முறையில் சந்திப்போம் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

எல்லாத் தரப்பும் முதலில் கை வைப்பது ஒரே பகுதியில். மத்தேயு 22, மாற்கு 12, லூக்கா 20 மூன்றிலும் அது வருகிறது. உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் இயேசுவை மடக்கப் பார்க்கிறார்கள். அண்ணன் பிள்ளையில்லாமல் செத்தால் தம்பி அண்ணியை மணந்து அவனுக்கு வாரிசு தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அப்படி ஏழு சகோதரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒருத்தியை மணந்து இறந்துபோனார்கள், உயிர்த்தெழும்போது அவள் யாருக்கு மனைவி? அங்கே பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை, அவர்கள் வானதூதரைப் போல இருப்பார்கள் என்று பதில் வருகிறது.

கணவனை இழந்த பெண்களுக்கு இந்தப் பகுதியை ஏதோ கெட்ட செய்திபோல, தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டுகிற போதகர்கள் உண்டு. எனக்கு அந்தத் தயக்கம் புரிவதில்லை. கேள்வி அன்பைப் பற்றியதா என்ன? ஏழு கை மாறிய ஒருத்தி கடைசியில் யார் கணக்கில் சேர்வாள் என்பதுதான் கேள்வி. அவள் எவனுடைய உடைமையும் அல்ல என்பதே பதில். அவள் யாரையும் மறந்துவிடுவாள் என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை.

தொடக்கச் சபைக்குச் சந்திப்பில் சந்தேகம் இருக்கவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில், முன்னே இறந்தவர்களை நினைத்து ஏங்கியவர்களுக்கு எல்லோரும் ஒருமித்துச் சேர்க்கப்படுவோம் என்று பவுல் ஆறுதல் சொல்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் அழித்தபோது, பெற்றோரும் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் அங்கே நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஆயர் சிப்ரியான் எழுதினார். ஒஸ்தியாவில் 387-இல் இறந்த மோனிக்கா, உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்று மகன் அகுஸ்தீனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நூற்றாண்டுக்குள் தொனி மாறிவிட்டது. கடவுளை நேருக்கு நேர் காண்பதே பேரின்பம், அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்ற எண்ணம் வலுத்தது. ஒரே ஓர் ஆன்மா மட்டும் கடவுளை அனுபவித்துக்கொண்டிருந்தாலும் அதற்குக் குறையிராது, நண்பர்கள் உடனிருப்பது இன்பத்துக்கு அழகு சேர்க்குமே தவிர அடிப்படை ஆகாது என்று தாமஸ் அக்வினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாதித்தார். வாதத்தில் ஓட்டை இல்லைதான். ஆனால் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த தாயிடம் அதைச் சொல்ல எந்தப் பங்குத்தந்தைக்கும் வாய் வராது.

இந்தக் கறார்க் கோட்பாட்டைக் கத்தோலிக்கம் தன் பக்தி வழக்கத்தால் ஈடுகட்டிக்கொண்டது. நவம்பர் 2-ஐ இறந்தோர் நினைவுநாளாகப் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்தியவர் க்ளூனி மடத்தின் அதிபர் ஓதிலோ. இறந்தபின் தூய்மையடையும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக நாம் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், புனிதர்கள் நமக்காகப் பரிந்து பேசுகிறார்கள். உறவு இரு பக்கமும் ஓடுகிறது. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் திருநாளுக்குத் திரள்கிறவர்கள் சேலை உடுத்திய மாதாவை 'அம்மா' என்று கூப்பிடும்போது, மறுமையிலும் முறை உண்டு என்று அவர்களுக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வீரமாமுனிவரும் தேம்பாவணியைச் சூசையப்பராகிய வளனின் இறப்போடு முடிக்கவில்லை. விண்ணகத்தில் அவர் முடிசூட்டப்படுவதுதான் கடைசிப் படலம்.

சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தன, இறந்தவருக்கான வேண்டுதலையும் விட்டன. சந்திப்பை மட்டும் விடவில்லை. 1546 பிப்ரவரியில், மார்ட்டின் லூதர் இறப்பதற்கு முந்தைய நாள் இரவு உணவின்போது, அங்கே ஒருவரையொருவர் அடையாளம் தெரியுமா என்ற பேச்சு வந்தது. ஆதாம் தூங்கி எழுந்தபோது, முன்பின் பார்த்திராத ஏவாளை யாரும் சொல்லாமலே அறிந்துகொண்டானே என்றாராம் லூதர். எனக்கு இது அக்வினாஸின் வாதத்தைவிட ஒரு படி மேல். அறிதலுக்குச் சான்றாக அவர் பிடித்தது ஒரு கணவன் மனைவியை!

பன்யனின் 'மோட்ச பிரயாணம்' (1678) நூலில் பயணி மனைவி மக்களை விட்டுக் காதைப் பொத்திக்கொண்டு தனியே ஓடுகிறான். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வழியாக அந்த ஓட்டம் தமிழுக்கும் வந்தது. பன்யனுக்கே அது உறுத்தியிருக்குமோ என்னவோ, 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக்கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சிரியன் மரபினர் பெங்களூரில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய கிழக்கத்திய இறையியல், மணமுடி சூட்டும் சடங்கை இறையரசோடு இணைத்தே பேசும். கிழக்கத்தியத் திருமணச் சடங்கில் சாவு வரை என்ற எல்லைக்கோடு முக்கிய இடம் பெறுவதில்லை. அட்வென்டிஸ்டுகளோ, இறந்தவர் உயிர்த்தெழும் நாள்வரை உணர்வின்றி உறங்குகிறார் என்பார்கள். அம்மா மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற பேச்சை அவர்கள் துக்க வீட்டில் கேட்க முடியாது.

மறுமையில் என்ன முறை என்ற கேள்விக்குத் தயக்கமே இல்லாத விடை ஒயிட்ஃபீல்ட் பக்கம் கிடைக்கிறது. பிற்காலப் புனிதர்களின் சபை, பேச்சு வழக்கில் மார்மன் சபை, இந்தியாவில் தன் முதல் கோயிலைப் பெங்களூரில் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது. 2020 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. ஞாயிறு ஆராதனைக்கான இடமல்ல அது. அப்படிப்பட்ட கோயிலுக்குள் தம்பதியரை நித்தியத்துக்கும் சேர்த்து 'முத்திரை' இடுவார்கள், பிள்ளைகளைப் பெற்றோரோடு பிணைப்பார்கள். இறந்துபோன முன்னோருக்கு வாரிசுகளே பதிலாள் நின்று ஞானஸ்நானம் பெறுவார்கள். அதற்காகவே வம்சாவளியைத் தேடித் தேடி எழுதுகிறார்கள். ஜோசப் ஸ்மித் 1843-இல் பதிவுசெய்த வெளிப்பாடுதான் நித்தியத் திருமணத்துக்கு ஆதாரம்.

மற்றச் சபைகள் இதை ஏற்பதில்லை. இவர்களுடைய ஞானஸ்நானமே செல்லாது என்று ரோம் 2001-இல் அறிவித்தது. திரித்துவம் பற்றிய வேறுபாடே அதற்குக் காரணம். திருமணத்தைப் பொறுத்தவரை, அந்தச் சதுசேயர் பகுதியை இவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள் என்பதே என் எண்ணமும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டியது. நம் கல்லறைத் தோட்டத்தின் இரட்டைப் பெயர்க் கல் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதைத்தான் இவர்கள் சடங்காக்கி வைத்திருக்கிறார்கள்.

இத்தனை விடைகளையும் எடைபோட அளவுகோல் என்று பார்த்தால் பெரும்பாலான சபைகளிடம் இருப்பவை வேதம், விசுவாசப் பிரமாணம், வழிபாடு மூன்றும்தான். பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்று பிரமாணத்தில் நம்மில் பலரும் ஒப்பிக்கிறோம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்துக் கட்டிய சுவர், அந்த வரியை யார் எவ்வளவு நம்பினார்கள் என்று காட்டிவிட்டது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981-இல் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் கேட்டுவரும் கேள்விகள் அங்கே மண்ணுக்கடியிலும் தொடர்கின்றன. பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லாத இடத்தில் சாதிக்கு வேலை ஏது என்று எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருப்போம்?

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுடையது. பெங்களூர்ப் பெந்தெகொஸ்தே சபைகளில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். 'நான் அங்கே போவேன், சாமி கும்பிட்டுச் செத்த என் அம்மா?' புதிய கேள்வியல்ல. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்துவிட்டு ஜப்பான் போன பிரான்சிஸ் சவேரியாரிடம், எங்கள் முன்னோருக்கு மீட்சியே இல்லையா என்று அங்கே மனம் திரும்பியவர்கள் கதறி அழுதார்கள். இல்லை என்று சொன்னதையும், அந்த அழுகை தம்மை வருத்தியதையும் அவரே 1552-இல் கடிதத்தில் எழுதினார். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் தவறின்றி நற்செய்தியை அறியாமல் நேர்மையாக வாழ்ந்தோருக்கும் மீட்பு கூடும் என்றது. பெந்தெகொஸ்தே மேடைகள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் வருவதில்லை. லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவானையும் லாசருவையும் எடுத்து அங்கே எச்சரிப்பார்கள்.

அந்த உவமையில் எனக்குக் கண்ணில் படுவது வேறு. பாதாளத்து நெருப்பில் கிடக்கும் அந்த மனிதன் தனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிறான், கிடைக்கவில்லை. அடுத்து அவன் கேட்பது வீட்டிலிருக்கும் ஐந்து சகோதரருக்காக. எச்சரிக்கைப் பிரசங்கங்களில் இந்த இரண்டாவது வேண்டுதலை அனேகமாக ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள்.