மூச்சிரைப்புக்கு யார் பொறுப்பு?

பாலைவனத் தூசியிலும் இமயக் குளிரிலும் பணியாற்றிய ஒரு வீரர், ஆஸ்துமாவோடு சென்னைக் கடலோரப் பெசன்ட் நகரில் குடியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குண்டுக் காயத்துக்கு நாளும் இடமும் சொல்ல முடியும். ஒவ்வாமைக்குச் சொல்ல முடியாது. எல்லையில் தூசி இருந்தது. இந்தக் கடற்கரை ஈரத்திலோ வீட்டுத்தூசிச் சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. அவர் ஊன ஓய்வூதியம் (டிசபிலிட்டி பென்ஷன்) கேட்டால், நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை யார் நிரூபிப்பது?

2013இல் தரம்வீர் சிங் என்ற வீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. படையில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். தொடர்பில்லை என்று காட்டும் சுமை அரசைச் சேரும். தரம்வீருக்கு இருந்தது வலிப்பு நோய். அதை 'உடல்வாகு' என்று காரணம் காட்டாமல் எழுதிய மருத்துவ வாரியத்தின் முடிவு செல்லவில்லை. 2014இல் ராம் அவதார் வழக்கு, 20 விழுக்காட்டு ஊனத்தை 50ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகையைப் பரவலாக்கியது.

சுமையை அரசின் மீது வைக்கும் இந்த அணுகுமுறை நியாயமானது. பணியிடப் பதிவும் மருத்துவக் கோப்பும் அரசின் கையில்தான் இருக்கின்றன. வீரரிடம் இருப்பது இருமல் மட்டுமே.

குறையும் உண்டு. அறிகுறி அடங்கியிருக்கும் ஒவ்வாமை, சேர்க்கைப் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். சலுகை தவறாகப் பயன்படவும் கூடும்: அதிகாரிகளிடையே ஊன ஓய்வூதியம் பெறுவோரின் விகிதம் வீரர்களிடையே உள்ளதைவிட மிக அதிகம் என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை 2023இல் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதிய விதிகள், பணிக்காலத்தில் நோய் தோன்றியது மட்டும் போதாது, காரணத் தொடர்பு வேண்டும் என்கின்றன. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் சரிதான். ஆனால் இந்த விதிகளின் பாரம், ஆதாரம் திரட்ட வழியில்லாத சிப்பாயின் மீதே முதலில் விழும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. பருவத்தில் வந்து, காரணி நீங்கியதும் தணியும் ஒவ்வாமையை அங்கே பொதுவாக நீடித்த ஊனமாகக் கருதுவதில்லை. ஆனால் ஈராக், ஆப்கானிஸ்தான் குப்பை எரிகுழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்காக 2022இல் நிறைவேறிய பேக்ட் சட்டம் இடம், காலம், நோய் மூன்றையும் பட்டியலிட்டது. அதில் ஆஸ்துமாவும் நாட்பட்ட மூக்கழற்சியும் அடங்கும். பட்டியலுக்குள் வருபவர் தனியாகத் தொடர்பை நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கும் அத்தகைய பட்டியல் வேண்டும். சேர்க்கையின்போதே நுரையீரல் திறனை அளந்து பதிய வேண்டும். தூசியும் புகையும் மிகுந்த பணியிடங்களைக் கோப்பில் குறிக்க வேண்டும். மனுவை நிராகரிக்கும் வாரியம், மேல்முறையீட்டில் எதிர்கொள்ளத்தக்க மருத்துவக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.