ஈடு பெற்று மன்னித்தல்

தனக்குப் பிழை செய்தானை ஏழு முறை பொறுத்தல் சாலுமோ என வினவிய பேதுருவுக்கு அவ்வெல்லை போதாதென மறுத்து, இயேசு ஓர் அரசன் கதையைக் கூறினாரென மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரம் உரைக்கும். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் பணிந்து வேண்டிய அளவிலே அரசன் அக்கடன் முழுவதும் விட்டான். பிணை கேட்டிலன், பிறனொருவன் இறுக்கவேண்டுமென்றும் சொல்லிலன். அவ்வூழியன் தனக்கு நூறு வெள்ளிக்காசு தரற்பாலனைச் சிறையிலிட்ட பின்னரே அரசன் வெகுண்டான்.

இஃதிவ்வாறாக, காண்டர்பரி அதிமேற்றிராணியார் ஆன்செல்ம் 1098இல் முடித்த 'கடவுள் மனிதரானது ஏன்' என்னும் நூலில், கடவுளுக்குரிய மதிப்பைச் செலுத்தாமையே பாவமென்றும், அதற்கு ஈடின்றி இரக்கமொன்றாலே மன்னித்தல் அவர்க்குத் தகாதென்றும் வாதித்தார். அற்றேல், மாந்தரை ஈடின்றி மன்னிக்க ஏவியது என்னையெனின், அத்தடையைத் தாமே எழுப்பி, ஒறுக்கும் உரிமை இறைவனுக்கே உரியது, மாந்தர் அதனைக் கவரலாகாது என விடுத்தார். தடையை மறையாமை அவரது நேர்மை. விடையோ பொருந்துமாறில்லை. உரிமையுடையான் அதனைச் செலுத்தியே தீரவேண்டுமென்பது எவ்வாற்றானும் பெறப்படாது, விடவும் வல்லன். கதையரசன் செய்ததும் அதுவே.

ஒறுக்காது விடின் பாவியும் பாவமிலியும் ஒப்பாவர் என்னும் அவரது மற்றோர் ஏது சிறிது வலியுடைத்து. சித்தாந்தமும் ஒறுப்பை உடன்படும். ஆயின் அஃது உயிரின் மலநோய் தீர்க்கும் மறக்கருணையேயாம். பிழையிலான் ஒருவன் உயிர் ஈடாதலால் அவ்விருவர்க்கும் வேறுபாடு நிலைபெறுமாறு யாங்ஙனம்? இவ்வினா புறச்சமயத்தார் புதிதாகப் புனைந்ததன்று. கிறித்தவராகிய ஃபௌஸ்தோ சொசீனோ 1594இல் வெளிவந்த தமது நூலில் இதனை விரிவாகவே எழுப்பியுள்ளார்.