முப்பத்தாறாவது ஒட்டகம்

ஒட்டகப் பங்கீட்டுப் புதிர் பழையது. 17 ஒட்டகங்கள், மூத்த மகனுக்குப் பாதி, இரண்டாமவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று. ஒன்றை இரவல் வாங்கி 18 ஆக்கினால் பங்கு பிரிந்துவிடும், இரவலும் திரும்பிவிடும்.

பிரேசில் நாட்டுக் கணித ஆசிரியர் ஜூலியோ சீசர் டி மெல்லோ இ சௌசா, மல்பா தஹான் என்ற அரபுப் பெயரில் 1938-ல் வெளியிட்ட நாவலில் ஒட்டகங்கள் 35; பங்குகள் அவையே. சண்டையிடும் சகோதரர்களைப் பார்த்ததும் கணக்குப்புலி பெரமிஸ், தன் நண்பனின் ஒட்டகத்தைக் கொடுத்துவிடுகிறான். இருவருக்கும் வாகனம் அது ஒன்றுதான். நண்பன் பதறுகிறான். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கதையை வகுப்பில் சொன்னால், அந்தப் பதற்றத்தில் வகுப்பே கணக்குக்குள் இறங்கிவிடும்.

இப்போது 36. பங்குகள் 18, 12, 4. மூவருக்கும் உரியதைவிடக் கூடுதல், ஆகவே முணுமுணுப்பு இல்லை. மொத்தம் 34 தான். மிஞ்சிய இரண்டில் ஒன்று நண்பனுக்கு, இன்னொன்று பெரமிஸுக்குக் கூலி!

எங்கிருந்து வந்தது அந்த லாபம்? பிள்ளைகள் தாமாகவே பின்னங்களைக் கூட்டத் தொடங்குவார்கள். பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று மூன்றும் சேர்ந்தால் 17/18 தான். தந்தை முழுச் சொத்தையும் பிரிக்கவேயில்லை! 35-ல் பதினெட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய இரண்டு ஒட்டகம், உரிமையாளர் இல்லாமல் கிடந்தது. 17-ல் அந்த மிச்சம் ஒன்றுக்கும் குறைவு; அதனால் அங்கே கூலிக்கு வழியில்லை. பாடநூலில் மாம்பழம் வாங்கும் ராமுவின் பெயரை மாற்றினாலும் கணக்கு அப்படியே நிற்கும். இங்கே எண்ணை மாற்றினால் கதையே மாறிவிடுகிறது. இதைத்தான் நான் கலை என்கிறேன்.

அதே நூலில் ரொட்டிக் கதையும் உண்டு. பெரமிஸிடம் 5, நண்பனிடம் 3. வழியில் கண்ட ஷேக்கும் சேர மூவரும் சமமாக உண்ட பிறகு, அவர் 8 பொற்காசு தருகிறார். ஐந்தும் மூன்றுமாகப் பிரிப்பதே நியாயம் என்று தோன்றும். ஒவ்வொரு ரொட்டியையும் மூன்றாக முறித்தால் 24 துண்டு, ஆளுக்கு 8. பெரமிஸின் 15 துண்டில் ஷேக்குக்குப் போனது 7. நண்பனின் 9-ல் ஒன்றே ஒன்று. ஆகவே 7-க்கு 1. அதை நிறுவிய பிறகு பெரமிஸ் காசுகளை நாலு நாலாகப் பிரித்துக்கொள்கிறான்.

மல்பா தஹான் பிறந்த மே 6 பிரேசிலில் தேசியக் கணித நாள். பின்னம் நடத்தும் ஆசிரியர்களே, ஒட்டகக் கதையை வகுப்பில் சொல்லுங்கள். இரண்டு ஒட்டகம் மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். விடையைப் பிள்ளைகள் சொல்லட்டும்.