மனக்கண் இல்லாதவனின் வாசிப்பு: படிமம் பற்றிச் சில குறிப்புகள்

எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில், 'கண்ணை மூடிக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள்' என்று வகுப்பில் சொல்லப்படும்போதெல்லாம் நானும் மூடிக்கொள்வேன். இருட்டாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், 'பார்ப்பது' என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றே முப்பது வயதுவரை நினைத்திருந்தேன். பலருக்கு நிஜமாகவே ஏதோ தெரிகிறது என்று அறிந்தபோது முதலில் வந்தது பயம்தான். அதற்குள் பல வருஷங்களாகப் 'படிமம்' என்ற சொல்லைத் தராசாக வைத்துக்கொண்டு பிறர் கவிதைகளை நிறுத்துக்கொண்டிருந்தேனே!

இது புதிய விஷயமல்ல. 1880இல் பிரான்சிஸ் கால்டன், காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவந்து அதன் வெளிச்சம், நிறம், தெளிவு எப்படி என்று பலரிடம் கேட்டார். முதலில் கேட்கப்பட்ட விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அப்படியொன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப்போலவே அதை வெறும் சொல்வழக்கு என்று எண்ணியிருந்தார்கள். கால்டன் சும்மா விடுவாரா? அருவச் சிந்தனையில் பழகியவனுக்குப் படம் மங்கும், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அது பளிச்சென்று இருக்கும் என்று ஓர் ஏணியைச் சாத்தினார். 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883இல் உண்டாக்கியவரும் இதே ஆள்தான் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. விஞ்ஞானிகளுக்கு மனப்படம் குறைவு என்ற அவரது முடிவு 2006இல் வெளிவந்த மறுஆய்வில் நிற்கவில்லை.

நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜெமனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2010இல் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். ஓய்வுபெற்ற கட்டிட அளவையாளர்; இதய சிகிச்சைக்குப் பிறகு மனப்படங்கள் அடியோடு போய்விட்டன. ஆனால் உருவங்களைப் பற்றிய சோதனைக் கேள்விகளுக்குச் சரியாகவே விடை சொன்னார். அதைப் படித்துவிட்டு, 'எனக்குப் பிறவியிலிருந்தே இப்படித்தான்' என்று முன்வந்தவர்களில் 21 பேரை வைத்து 2015இல் 'அஃபேன்டேசியா' என்ற பெயர் பிறந்தது. நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மறுகோடியில், நேரில் பார்ப்பதுபோலவே தெரிபவர்கள். மற்றவர்கள் இடையில் எங்கோ.

நமது சிக்கலுக்கு வருகிறேன். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபின் நவீன கவிதை பற்றிய சொல்லாடலில் படிமம் மையத்துக்கு வந்தது. பிரமிளைப் படிமக் கவிஞர் என்றோம். சரிதான், அவர் அப்படித்தான். ஆனால் ஒரு கவிஞனின் பலம் எல்லாக் கவிதைக்கும் நுழைவுச்சீட்டானது எப்படி? 'படிமம்' என்பதற்கு விக்கிரகம் என்று பொருளுண்டு. விமர்சனத்தில் நாம் சகஜமாகப் புழங்கும் இன்னொரு சொல் 'தரிசனம்'. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், கோயில் வாசனை அடிக்கும். கருவறைக்குள் இருப்பது தெரியும்படி நிற்கக் கொடுத்துவைத்தவன் சிறந்த வாசகன். வெளியே நிற்பவன் ரசனை குறைந்தவன். தொல்காப்பியர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளம். உவமைக்கு அவர் வைத்த வகைகள் வினை, பயன், மெய், உரு என நான்கு. வடிவும் நிறமும் கண்ணுக்கு. வினையையும் பயனையும் அறியக் கண்ணுக்குள் படம் ஓடித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பாதியை நாம் தொலைத்துவிட்டோம்.

எங்கள் ஊரோடு பிணைந்த பழைய கதை ஒன்று உண்டு. காஞ்சியில் காடவர்கோன் கற்றளி எடுத்தான். அது கைலாசநாதர் கோயில், அரசன் ராஜசிம்மன் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. குடமுழுக்குக்கு முந்தின இரவு சிவன் கனவில் வந்து, 'நாளைக்கு நான் நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்' என்கிறார். போய் விசாரித்தால் அங்கே அப்படி ஒரு கோயிலே இல்லை. பணம் கிடைக்காத பூசலார் அதை மனதிலேயே கட்டியிருக்கிறார்.

கற்பனையின் வெற்றி என்று இதைப் பேசித் தீர்த்துவிட்டோம். சேக்கிழாரின் பிரதியைத் திரும்பப் படித்தால் அந்தக் கோயில் பார்க்க எப்படி இருந்தது என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. பொருள் சேர்க்கிறார், தச்சர்களைக் கூட்டுகிறார், நாள் பார்க்கிறார், இரவும் தூங்காமல் அடித்தளத்திலிருந்து அளவுப்படி எழுப்புகிறார், சுதை வேலை, கிணறு, மதில், குளம். வேலையின் வரிசைதான் கோயில். எனக்கு அது கட்டுப்படியாகிறது. படம் தெரியாத நானும் அந்தக் கோயிலைக் கட்டிவிட முடியும். (மனதுக்குள் கட்டும்போதுகூட மறையவர் உளியைத் தொடாமல் தச்சரைத்தான் கூட்டுகிறார் என்பதையும் கவனிக்கவேண்டும்.)

2019இல் அத்திவரதரை நாற்பது வருஷத்துக்குப் பிறகு குளத்திலிருந்து எடுத்து வைத்த 48 நாட்களில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தடவை போனோம். எந்த நாள் என்ன நிறப் பட்டு சாத்தியிருந்தது என்று அம்மா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஜூலையில் சயனம், ஆகஸ்டில் நின்ற கோலம் என்ற செய்திதான் என்னிடம் இருக்கிறது. அப்பாவைக் கேட்டால் வரிசையில் எத்தனை மணிநேரம் நின்றோம் என்பார்.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் கோர்வைத் தறி நெய்தவர். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா; ஓரத்தில் உட்கார்ந்து கரைநாடா எறிய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பையன், சில வருஷம் நான். 'புட்டா எப்படி வரும்னு முன்னாடியே கண்ணுல தெரியுமாப்பா?' என்று போன வருஷம் கேட்டேன். 'கண்ணுல எங்கடா தெரியும்? எண்ணிக்கிட்டே போவ வேண்டியதுதான். தப்புனா கையி நிக்கும்' என்றார். வடிவம் கிராப் தாளில் கட்டமாகவும், ஜக்கார்டு அட்டையில் ஓட்டையாகவும், அதற்கு முந்தைய அடைத் தறிகளில் கட்டிவைத்த நூலாகவும் இருந்தது. பக்கத்துத் தறிக்காரரோ, புடவை முழுதும் விரித்த மாதிரி முன்னாலேயே தெரியும் என்கிறார். இரண்டு பேர் புடவையும் ஒரே விலைக்குத்தான் போனது.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நெசவாளர் தன் கவிதைகளைக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்தார். 'செய்திகளாக இருக்கின்றன, ஒரு படிமம்கூட எழவில்லை' என்று எழுதித் திருப்பினேன். எனக்கு எந்தக் கவிதையிலும் எதுவும் எழுந்ததில்லை என்பது அப்போது தெரியாது. ஊரார் சொல்வதை நானும் சொன்னேன். அவர் பிறகு யாருக்கும் அனுப்பவில்லை என்று கேள்வி. நான் எடுத்து வைத்திருந்த நகல் போன மாதம் கிடைத்தது. முதல் கவிதை முழுக்க எண்ணிக்கை: மிதி, எறி, இழு, இத்தனை, இத்தனை; கடைசியில் ஓர் எண் குறைகிறது. எட்டு வருஷத்துக்கு முன் அதை அச்சுப்பிழை போலத் திருத்தியிருக்கிறேன், சிவப்பு மையில். இப்போது படிக்கையில் கரைநாடா எறிந்த என் வலது தோள் வலித்தது. எண் குறைவது அந்தப் பையன் தூங்கிவிட்ட இடம்.

அவர் இப்போது கட்டிட வேலைக்குப் போகிறார் என்கிறார்கள். முகவரி வாங்கியிருக்கிறேன், இன்னும் போகவில்லை.