துத்தநாகம் வேகம் கூட்டுகிறதா, வழி காட்டுகிறதா?

கைனேஸ் நொதிகளைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகள் பலவற்றில் பிரிமிடின், குயினசோலின் போன்றதொரு நைட்ரஜன் வளையத்தில் அமீன் இணைந்திருக்கும். அந்தப் பிணைப்பை உண்டாக்க எளிய வழி, வளையத்திலுள்ள குளோரினை அமீனைக் கொண்டு வெளியேற்றும் கருக்கவர் பதிலீட்டு வினை. வளையம் மந்தமாக இருந்தால் துத்தநாக உப்பு போன்றதொரு லூயிஸ் அமிலம் சேர்ப்பார்கள். வளைய நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணையை உலோகம் பிடித்துக்கொள்ள, வளையத்தின் எலக்ட்ரான் செறிவு குறைந்து, அமீன் தாக்குவது எளிதாகிறது. இதே பிணைப்புக்கான மாற்று வழியில் வேண்டியிருக்கும் பல்லேடியமும் விலையுயர்ந்த பாஸ்பீன் ஈனிகளும் தேவையில்லை. மருந்தில் எஞ்சும் பல்லேடியத்துக்கு, மருந்துத் தரநிலைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச்சின் வழிகாட்டுதல் வரம்பு விதிக்கிறது; நச்சுத்தன்மை குறைந்த துத்தநாகத்துக்கு அப்படி வரம்பில்லை.

ஆனால் குடுவைக்குள் உலோகத்துக்குப் போட்டி கடுமை. இணை அமிலத்தின் பிகேஏ மதிப்புகளைப் பாருங்கள்: 2-குளோரோபிரிடினுக்கு ஏறத்தாழ 0.7, அனிலீனுக்கு 4.6, பிப்பெரிடினுக்கு 11. உலோகப் பிணைப்பு இந்த வரிசையை அப்படியே பின்பற்றாது என்றாலும் போக்கு தெளிவு. நாம் தூண்ட நினைக்கும் நைட்ரஜன்தான் இங்கே மிக வலுவற்றது. பக்கத்திலுள்ள குளோரினே அதன் காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. விளைபொருளோ இன்னும் மோசம்: 2-அமினோபிரிடினின் மதிப்பு 6.9. வினை முன்னேற முன்னேற அது உலோகத்தைக் கட்டிப்போடும். அனிலீன்களோடு ஓரளவு நன்றாக நடக்கும் முறை ஆல்கைல் அமீன்களிடம் திணறுவதில் வியப்பில்லை.

இந்த முறையின் உண்மையான பலம், என் கணிப்பில், இடத்தேர்வு. 2,4-டைகுளோரோ-5-டிரைபுளூரோமீத்தைல்பிரிமிடினில் அமீன் சேரக்கூடிய இடங்கள் இரண்டு. சும்மா விட்டால் இரண்டு விளைபொருள்களும் கலந்தே கிடைக்கும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. துத்தநாக குளோரைடு சேர்த்தால் அமீன் பெரும்பாலும் 2ஆம் இடத்துக்கே போகிறது என்று பைசர் வேதியியலர்கள் காட்டினார்கள். வேறு வழியில் எளிதில் கிட்டாத பலன் இது. ஆனால் இத்தகைய செய்முறைகளில் துத்தநாக உப்பு பெரும்பாலும் வினைபடுபொருளுக்குச் சம மோல் அளவிலோ அதற்கு மேலோ இடப்படுகிறது. அதை வினையூக்கம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கழிவுக் கணக்கில் அந்த உப்பு முழுவதும் சேர வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் தீர வேண்டும்: வளையத்தைத் தூண்டுவது உலோகமா, வெறும் அமிலமா? எர்லோடினிப் என்ற கைனேஸ் தடுப்பு மருந்தின் தயாரிப்பில் 4-குளோரோகுயினசோலினும் எத்தினைல்அனிலீனும் உலோகம் எதுவுமின்றியே வினைபுரிகின்றன. வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடே வளையத்தைத் தூண்டப் போதும். லூயிஸ் அமிலமாகப் பயன்படும் உலோக டிரைபிளேட்டுகளும் ஈரம் பட்டால் வலிமையான அமிலத்தை வெளிவிடக்கூடும். ஆகவே லூயிஸ் அமிலம்தான் வேலை செய்தது என்பவர்கள், அதே வினையைச் சிறிதளவு டிரைபிளிக் அமிலத்தோடு ஒருமுறையும், புரோட்டானை மட்டும் பிடிக்கும் 2,6-டை-டெர்ட்-பியூட்டைல்பிரிடினோடு ஒருமுறையும் செய்து, இரண்டு விளைச்சலையும் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையிலேயே தர வேண்டும்.